பழைய பாணி மோனோகிராம் எழுத்துகளை மெஷினில் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பிராய்டரி மெஷின் வாங்கியவர்கள் முதலில் தைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பூ. அடுத்தது, தங்கள் பெயரின் முதலெழுத்து. பூ எப்படியோ நன்றாக வந்துவிடும். எழுத்துதான் காலை வாரும். திரையில் பாட்டி காலத்துக் கைக்குட்டையைப் போலத் தெரிந்தது, துணியில் இறங்கியதும் விளையாட்டுக் குழுவின் சட்டை முத்திரையாக மாறிவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்கள் இவை.

பெயரின் முதலெழுத்தைத் தைத்தாலே அது மோனோகிராம்தானா?

கண்டிப்பாகச் சொன்னால், இல்லை. தனித்து நிற்கும் ஓர் எழுத்து வெறும் முதலெழுத்துதான். இரண்டோ மூன்றோ எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே உருவமாக நிற்கும்போதுதான் அது மோனோகிராம் ஆகிறது. ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) தன் படங்களில் இட்ட குறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்களை அகட்டி நிற்கும் ஒரு பெரிய ‘ஏ’, அந்தக் கால்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ‘டி’. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு இடமே இல்லை. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சார்லமேன் பேரரசரின் ஆவணங்களில், நடுவில் ஒரு சாய்சதுரமும் அதிலிருந்து நான்கு பக்கமும் நீளும் கைகளுமாக அவர் பெயரையே ஒரு சிலுவை வடிவத்துக்குள் அடக்கியிருந்தார்கள்.

மூன்று எழுத்துகளை வரிசையாக நிறுத்திவைத்ததையும் மோனோகிராம் என்றே இன்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் பழைய தோற்றம் வேண்டுமென்றால், எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

‘பழைய பாணி’ என்பது எந்தக் காலத்தைக் குறிக்கிறது?

பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு லினன் துணிகளில் தைக்கப்பட்ட எழுத்துகளை.

அங்கே துணியில் எழுத்து தைத்தது முதலில் அழகுக்காக அல்ல, சலவைக்காக. பல வீட்டுத் துணிகள் ஒன்றாக வெளுக்கப் போகும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டும். ஆகவே மூலையில் சின்னதாக இரண்டு எழுத்து. பல வீடுகளில் கூடவே ஓர் எண். எண் இருந்தால் படுக்கை விரிப்புகளை வரிசையாக மாற்றிப் பயன்படுத்தலாம், எல்லாம் ஒரே அளவில் தேயும். இந்த வேலைக்குச் சிவப்பு நூலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த ‘துருக்கிச் சிவப்பு’ கொதிக்கும் நீரிலும் சாயம் போகாது. 1869க்குப் பிறகு அதே சாயப்பொருளை நிலக்கரித் தாரிலிருந்து செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

மற்றொரு மரபு, திருமணத்துக்கென்று சேர்த்துவைத்த துணிகளில் வெள்ளை மேல் வெள்ளையாக, புடைப்பாகத் தைத்த பெரிய எழுத்துகள். இன்று நாம் ‘விண்டேஜ்’ என்று சொல்லி ஆசைப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

மெஷினில் தைத்துவிட்டு ‘பழைய பாணி’ என்று சொல்வது ஏமாற்று இல்லையா?

கையால் தைத்தது என்று சொன்னால்தான் ஏமாற்று. மெஷின் எம்பிராய்டரி ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஜோசுவா ஹெயில்மான் என்பவர் 1828இல், இரு முனையும் கூராக, நடுவில் காது வைத்த ஊசிகளால் தைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி, படகு வடிவ நாடாவும் (ஷட்டில்) தொடர்நூலும் கொண்டு தைக்கும் ‘ஷிஃப்லி’ இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நீங்கள் பழங்காலக் கைவேலை என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கும் லேஸ் துண்டுகளில் சில அந்த இயந்திரங்களில் பிறந்தவையாகவே இருக்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய ஜாக்கெட்டுகளின் முதுகில் காணும் சங்கிலித் தையல் பெயர்கள் வேறு வகை மெஷினில் தைத்தவை. தைப்பவர் மேசைக்கு அடியில் உள்ள கைப்பிடியைச் சுழற்றித் திசையை மாற்றிக்கொண்டே போவார். வீட்டு எம்பிராய்டரி மெஷின் மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் தையலைத்தான் போடும். உண்மையான சங்கிலித் தையல் அதற்கு வராது. சங்கிலியைப் போலத் தெரியும் போலித் தையலை மென்பொருள் தரும். தொலைவிலிருந்து பார்க்கப் பரவாயில்லை.

எந்தெந்த எழுத்துப் பாணிகள் துணியில் நன்றாக இறங்கும்?

முதலில் எளிதானது: ஆர்ட் டெகோ. 1925 பாரிஸ் கண்காட்சியை ஒட்டிப் பெயர் பெற்ற பாணி. நேர்கோடு, ஒரே அகலம், வட்டம் என்றால் முழு வட்டம். மெஷினுக்கு இதைவிடப் பிடித்த எழுத்து இல்லை. சாய்சதுரம், எண்கோணம் ஆகியவற்றுக்குள் மூன்று எழுத்துகளை நெருக்கி அடைத்துத் தைக்கலாம். இந்த வகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் இடது, நடு, வலது என்று மூன்று வடிவங்கள் இருக்கும். நடுவுக்குரிய வடிவத்தை ஓரத்தில் வைத்துவிட்டுச் சட்டகம் கோணலாக இருக்கிறதே என்று குழம்புபவர்கள் பலர்.

ஆர்ட் நூவோ, 1890 முதல் 1910 வரை ஓங்கியிருந்தது. சாட்டை சொடுக்கியதைப் போன்ற வளைவுகள், தண்டு நீண்டு இலையாக முடியும் எழுத்துகள். அகலம் மெல்ல மெல்ல மாறுவதால் சாட்டின் தையல் (ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்காக நெருக்கிப் போடும் தையல்) இதில் அழகாக ஒளியைத் திருப்பும். ஒற்றை எழுத்துக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

காப்பர்பிளேட், ஸ்பென்சேரியன் போன்ற சரிவெழுத்துகள் எல்லாருக்கும் பிடிக்கும்; எல்லாரையும் அழவைக்கும். கூரிய பேனா முனையின் அழுத்தத்தில் பிறந்தவை அவை: இறங்கும் கோடு தடிப்பு, ஏறும் கோடு மயிரிழை. தடிப்பு சாட்டினில் வரும். மயிரிழையையும் சாட்டினாகவே தைத்தால் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியைக் கிழித்துவிடும். 1 மி.மீ.க்குக் குறைந்த கோட்டை மும்முறை ஓடும் நேர்தையலாக மாற்றியே ஆக வேண்டும்.

பிளாக்லெட்டர் எனப்படும் காத்திக் எழுத்து, தனியாக நின்றால் கம்பீரம். மூன்று பெரிய எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராலும் படிக்க முடியாது. அதற்குப் பதில் லொம்பார்டிக் எழுத்துகளைப் பாருங்கள். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளில் பத்தியின் தொடக்கத்தில் வரும் குண்டு எழுத்துகள் அவை. வயிறு அகலம், முனைகள் மெல்லியவை. புடைப்புத் தையலுக்கென்றே செய்ததைப் போல இருக்கும். மூல வரிசையில் ‘ஜே’, ‘யு’ இரண்டும் தனி எழுத்துகளாக இல்லை, பிற்காலத்தார் சேர்த்தவை. அதனால் உங்கள் பெயரில் அவை வந்தால், தையல் கோப்பை (மெஷின் படித்துத் தைக்கும் கணினிக் கோப்பை) வாங்கும் முன் அந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும் கோப்புகள் உண்டு.

விக்டோரியா காலப் பூக்கொடி எழுத்துகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எழுத்தின் தண்டைச் சுற்றி ரோஜா, இலை, மொட்டு எல்லாம் ஏறியிருக்கும். விற்பனைப் படத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் எழுத்து முழுவதையும் தைத்துவிட்டு அதன் மேல் பூவைத் தைக்கிறார்கள், துணி அட்டையாகிவிடும். கொடி கடக்கும் இடத்தில் எழுத்து நின்று வழிவிடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறுக்குத் தையல் எழுத்து எளிமையானது, சிவப்பில் ஒருபோதும் ஏமாற்றாது. ஒவ்வொரு கட்டமும் 1.5 முதல் 2 மி.மீ. இருக்கட்டும்.

மூன்று எழுத்துகளை எந்த வரிசையில் வைப்பது?

மேலை நாட்டு மரபில், நடு எழுத்து பெரிதாக இருந்தால் அது குடும்பப் பெயர். இடப்பக்கம் முதற்பெயர், வலப்பக்கம் நடுப்பெயர். மூன்றும் ஒரே உயரம் என்றால் பெயரை எழுதும் வரிசையிலேயே வைக்கலாம். தம்பதிக்கு என்றால் நடுவில் குடும்பப் பெயர், இருபுறமும் இருவரின் முதற்பெயர்கள்.

குடும்பப் பெயரே இல்லாதவர்கள் நடு எழுத்துக்காக எதையாவது இட்டுக்கட்ட வேண்டாம். இரண்டே எழுத்துகளைப் பின்னுங்கள். பழைய துணிகளில் இரட்டை எழுத்து ஏராளம். மூன்றைவிட அதுவே பின்னுவதற்கும் வசதி.

பின்னிய எழுத்துகள் குறுக்கிடும் இடம் கட்டியாகி ஊசி முறிகிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் சொல்ல வேண்டும்.

என்னிடம் பழைய லினன் கைத்துண்டு ஒன்று இருக்கிறது. மூலையில் ‘எம்’ எழுத்தும் ‘பி’ எழுத்தும் பின்னிக் கிடக்கின்றன. ‘பி’யின் தண்டு ‘எம்’மின் சரிவுக்கோட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவருவதைப் போலவே இருக்கும். ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் எதுவுமே நுழையவில்லை. ‘பி’யின் தண்டு ‘எம்’மைத் தொடுமுன்பே நின்றுவிடுகிறது. இடையில் ஒரு நூலிழை அகலத்துக்கு வெற்றுத் துணி. ‘எம்’மின் மறுபுறம் அதே அளவு வெற்றுத் துணி விட்டு, ‘பி’ மீண்டும் தொடங்குகிறது. அடியில் நுழைந்து வந்ததாக நினைத்துக்கொண்டது என் கண்தான். அந்த மெல்லிய வெற்றுக்கோட்டில் நிழல் விழுகிறது. அந்த நிழல்தான் ஒன்றை மேலாகவும் மற்றதைக் கீழாகவும் காட்டுகிறது.

மலிவாகச் செய்த கோப்பில் என்ன நடக்கிறது? ‘எம்’ முழுவதும் தைக்கப்படும், பிறகு ‘பி’ முழுவதும். குறுக்கிடும் இடத்தில் ஓர் அடித்தையல் (சாட்டினுக்கு அடியில் தாங்கலாகப் போடுவது), அதன் மேல் சாட்டின், மறுபடி ஓர் அடித்தையல், மறுபடி சாட்டின். நான்கு அடுக்கு. மூன்று எழுத்தும் ஒரே இடத்தில் சந்தித்தால் ஆறு. ஊசி முறிவதில் வியப்பில்லை. ஊசி தப்பினாலும் மேலுள்ள எழுத்து அந்த இடத்தில் மட்டும் மேடாகிப் பக்கவாட்டில் வழியும்.

தீர்வு, அடியில் போக வேண்டிய எழுத்தை அந்த இடத்தில் வெட்டுவது. டிஜிட்டைசிங் மென்பொருளில், அதாவது வரைந்த வடிவத்தைத் தையல் கோப்பாக மாற்றும் மென்பொருளில், அந்தத் தண்டை இரண்டு துண்டாக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாட்டின் தையல் துணியைப் பிடித்து இழுப்பதால் தண்டின் அகலம் குறையும்; அதே நேரம் தண்டின் இரு நுனிகளும் வெளியே தள்ளப்பட்டு நீளம் கூடும். ஆகவே துணியில் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டுமென்றால் கோப்பில் 0.5, 0.6 மி.மீ. விட வேண்டியிருக்கும். துணிக்குத் துணி இது மாறும். சோதனைத் துண்டில் தைத்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அடியில் போகும் எழுத்தை முதலில் தையுங்கள். அப்போது வெட்டிய இரண்டு துண்டுகளையும் ஒற்றை ஓட்டுத் தையலால் இணைத்துவிடலாம். அந்த ஓட்டத்தை மேலே வரும் எழுத்து மூடிக்கொள்ளும். நூலை அறுத்து முடிச்சுப் போட வேண்டியதில்லை.

குறுக்கீடுகள் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வர வேண்டும். ஓர் எழுத்து தொடர்ந்து இரண்டு முறை மேலே போனால் பின்னல் கலைந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று சும்மா படுத்திருப்பதைப் போல இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் எழுத்து புத்தம்புதிதாகப் பளபளக்கிறது. ஏன்?

சுருளும் பூவும் கூட்டினால் பழமை வந்துவிடும் என்று நினைக்கிறோம். பழைய எழுத்துகளில் பழமையாகத் தெரிவது அவற்றின் மங்கல், மேடு, விட்ட இடம். இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை சுருள் போட்டாலும் அது வாழ்த்து அட்டைதான்.

மங்கலிலிருந்து தொடங்கலாம். மெஷின்களோடு வழக்கமாகப் பயன்படுத்தும் 40ஆம் எண் பாலியெஸ்டரும் ரேயானும் மினுமினுக்கச் செய்யப்பட்டவை. பருத்தி நூலுக்கு மாறுங்கள். 50ஆம் எண் மெல்லியது, 30ஆம் எண் தடிமனானது. எண் ஏற ஏற நூல் மெலியும். தடித்த நூலுக்குத் தையல்களுக்கிடையிலான இடைவெளியையும் கூட்ட வேண்டும்: 40ஆம் எண்ணுக்கு 0.4 மி.மீ. என்றால் 30ஆம் எண்ணுக்கு 0.5 மி.மீ. அளவில் வைத்துப் பாருங்கள். பருத்தியில் பஞ்சுத்தூள் அதிகம் உதிரும். பாபின் அறையை அடிக்கடி துடைக்காவிட்டால் நூல் இழுவை மாறித் தொல்லை தரும்.

அடுத்தது மேடு. கைவேலையில் சாட்டினுக்கு அடியில் எழுத்தின் நீளவாக்கில் ஓட்டுத் தையலோ சங்கிலித் தையலோ நிரப்புவார்கள்; அதன் மேல் குறுக்காகச் சாட்டின் போகும். மெஷினில் இதையே அண்டர்லே எனப்படும் அடித்தையலால் செய்யலாம். முதலில் நடுவே நீளவாக்கில் இரண்டு மூன்று ஓட்டம். அதன் மேல் குறுகலான ஜிக்ஜாக் ஒன்று, அதைவிடச் சற்று அகலமாக இன்னொன்று. எல்லாமே வெளிவிளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அதன் பிறகு சாட்டின். நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து, குவிந்த வடிவம் கிடைக்கும். ஃபோம் ஷீட் வைத்துத் தைப்பது தொப்பிகளுக்குச் சரி. அது தரும் செங்குத்தான விளிம்பு பழைய லினனில் எங்குமே கிடையாது.

விட்ட இடம் என்றது, எழுத்துக்குள் நிரப்பாமல் விடுவதை. தடித்த தண்டின் இரு ஓரங்களை மட்டும் மெல்லிய கோடாகத் தைத்து, உள்ளே ஆங்காங்கே சிறு தையல்களை விதை தூவியதைப் போல இடுவது வெண்ணூல் வேலையின் பழைய உத்தி. மெஷினில் இதற்கு நிமிடக்கணக்கில்தான் நேரம் ஆகும், துணியும் மடிப்புக் குலையாமல் இருக்கும். முழுக்க நிரப்பிய எழுத்தைவிட இது பத்து மடங்கு பழையதாகத் தோன்றும் என்பது என் அனுபவம்.

எவ்வளவு சிறிதாகத் தைக்கலாம்?

40ஆம் எண் நூலில், அலங்காரமில்லாத நேரெழுத்து 6 மி.மீ. உயரம் வரை தாங்கும். சரிவெழுத்து 12 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். பின்னிய எழுத்துகளுக்கு 25 மி.மீ. குறைந்தபட்சம், பூக்கொடி என்றால் 50 மி.மீ. இருந்தால்தான் இலை இலையாகத் தெரியும். இன்னும் சிறியதாக வேண்டுமென்றால் 60ஆம் எண் நூலும் 65/9 ஊசியும் போட்டு, தையல் இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள். எழுத்துக்குள் அடைபட்ட வெற்றிடம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் தைக்கும்போது மூடிக்கொள்ளும். ‘ஏ’, ‘பி’, ‘ஆர்’ எழுத்துகளின் கண்கள் இப்படித்தான் குருடாகின்றன.

மேல் எல்லையும் உண்டு. சாட்டின் தையலின் அகலம் 7 மி.மீ. தாண்டினால் நூல் தொங்கி எதிலாவது மாட்டும். அதற்கு மேல் அகலமான தண்டை நடுவில் பிளந்து தைக்கும்படி அமைக்க வேண்டும், அல்லது மேலே சொன்னபடி ஓரம் மட்டும் தைத்து உள்ளே விதை தூவுங்கள்.

கணினியில் இருக்கும் அழகான எழுத்துருவை அப்படியே தையலாக்க முடியாதா?

முடியும், வரும் முடிவைத்தான் பார்க்கச் சகிக்காது. கணினி எழுத்துரு என்பது எழுத்தின் வெளிக்கோடு மட்டும். எந்தத் தண்டு எங்கே தொடங்குகிறது, தையல் எந்தக் கோணத்தில் விழ வேண்டும், எதை முதலில் தைப்பது என்பதெல்லாம் அதில் இல்லை. மென்பொருள் ஊகித்துக்கொள்ளும், வளைவுகள் கூடும் இடத்தில் தப்பாக ஊகிக்கும். எம்பிராய்டரிக்கென்றே கையால் டிஜிட்டைஸ் செய்த எழுத்துகளை வாங்குங்கள். நேரம் இருந்தால் நீங்களே செய்யப் பழகலாம். இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் தண்டு தண்டாகச் சாட்டின் வரைய முடியும்.

கோப்பு வகையையும் கவனியுங்கள். பிஇஎஸ், ஜெஇஎஃப், விபி3, டிஎஸ்டி ஆகியவை மெஷின் படிக்கும் தையல் கோப்புகள்; ஊசி எங்கே குத்த வேண்டும் என்ற பட்டியல்தான் அவை. டிஎஸ்டியில் நிறங்கள்கூட இருக்காது, ‘இங்கே நூலை மாற்று’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். இவற்றை 10 விழுக்காடு, மீறினால் 20 விழுக்காடு வரை பெருக்கலாம், சுருக்கலாம். ஏன் என்றால் கணக்கு எளிது. 50 மி.மீ. உயர எழுத்தில் தையல் இடைவெளி 0.4 மி.மீ. என்று வையுங்கள். மெஷினிலேயே அதை இரட்டிப்பாக்கினால் இடைவெளி 0.8 ஆகித் துணி எட்டிப்பார்க்கும், பாதியாக்கினால் 0.2 ஆகிப் பலகையைப் போல விறைக்கும். சில மெஷின்கள் தாமே தையலை மறுகணக்கிடும். உங்களுடையது செய்கிறதா என்பதை அளவு மாற்றும்போது தையல் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எந்தத் துணி, எந்த ஸ்டெபிலைசர்?

நெருக்கமாக நெய்த லினனும் பருத்தியும் இந்த எழுத்துகளின் சொந்த வீடு. முதலில் துணியைத் துவைத்துச் சுருங்கவிட்டு இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். அதை எதனாலும் எடுக்க முடியாது.

கைக்குட்டை, கைத்துண்டு போன்றவற்றில் பின்பக்கமும் தெரியும் என்பதால் நீரில் கரையும் ஸ்டெபிலைசர் (தைக்கும்போது துணி சுருங்காமல் அடியில் தாங்கும் படலம்) நல்லது. ஒற்றைப் படலம் புடைப்பு எழுத்தைத் தாங்காது, இரண்டாக வையுங்கள். பனியன் வகைத் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, அதோடு உருண்டை முனை ஊசி. நெய்த துணிக்குக் கூர்முனை 75/11. டெர்ரி டவல் என்றால் மேலேயும் கரையும் படலம் ஒன்று விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல்வளையங்களுக்குள் எழுத்து மூழ்கிவிடும். உண்மையைச் சொன்னால், மெல்லிய கோடுள்ள பழைய எழுத்துக்கு டெர்ரி டவல் பொருந்தவே பொருந்தாது. அதற்கு ஆர்ட் டெகோதான்.

வேகத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 600 தையல் போதும். தைத்து முடித்ததும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாட்டினின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குப் பாபின் நூல் தெரிந்தால் இழுவை சரி.

துணியில் எந்த இடத்தில் வைப்பது?

கைக்குட்டைக்கும் மேசைக் கைத்துண்டுக்கும் ஒரு மூலையில், மூலைவிட்டத்தின் மீது, எழுத்தின் அடிப்பக்கம் மூலையைப் பார்த்தபடி. தலையணை உறைக்கு விளிம்புப் பட்டையின் நடுவில். சட்டையில் இடது மணிக்கட்டுப் பட்டை. அங்கே 6 முதல் 10 மி.மீ. எழுத்து போதும், அதைவிடப் பெரிதானால் கூச்சல்.

படுக்கை விரிப்பில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன். மேல் விளிம்பின் நடுவில், 90 மி.மீ. உயரத்தில், இரண்டு மாலை உழைத்துப் புடைப்பாகத் தைத்து முடித்தேன். போர்வைக்கு மேல் விரிப்பின் விளிம்பை மடித்துவிட்டதும் எழுத்தைக் காணவில்லை! அது மடிப்பின் அடியில், போர்வையைப் பார்த்தபடி படுத்திருந்தது. மடித்த பிறகு மேலே தெரிவது விரிப்பின் மறுபக்கம். அந்தப் பக்கத்தில்தான் தைக்க வேண்டும். மடித்த நிலையில் எழுத்தின் தலை தலையணையை நோக்குமாறு திசையும் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் மெஷினுக்குப் போகும் முன் எழுத்தைக் காகிதத்தில் அச்சடித்து, குண்டூசியால் குத்தி, படுக்கையையே ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுகிறேன்.

ஹூப்பில் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில்) மாட்டும்போது துணியின் நெசவுக்கோடு ஹூப்பின் நடுக்கோட்டோடு இணையாக இருக்கட்டும். மூலைவிட்டத்தில் தைக்க வேண்டியதற்குத் துணியைத் திருப்பாதீர்கள்; வடிவத்தை 45 பாகை திருப்புங்கள். துணியைச் சாய்த்து மாட்டினால் குறுக்கு இழுவையில் நீண்டுகொடுக்கும்.

தமிழ் எழுத்துகளில் இந்தப் பாணி எடுபடுமா?

எடுபடும், ஆனால் லத்தீன் எழுத்தின் உடையைக் கடன் வாங்கிப் போர்த்தினால் எடுபடாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே நடுவெழுத்தின் சிறப்பை அளவால் மட்டுமே காட்ட முடியும். சுழிகள் சிறியவை, விரைவில் அடைத்துக்கொள்ளும்: ‘ண’, ‘ஐ’ போன்றவற்றை 30 மி.மீ.க்குக் குறைத்துத் தைக்காதீர்கள். ‘கே’, ‘சௌ’ போல இரண்டு மூன்று துண்டாக எழுதப்படுவதை ஒரே எழுத்தாகக் கருதி நெருக்கி வைக்க வேண்டும்.

பழமைக்கு ஓர் அருமையான மூலப்பொருள் நம் எழுத்திலேயே இருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ‘லை’, ‘னை’, ‘ணை’ போன்றவை துதிக்கை போல மேலே வளைந்து முன்னால் இறங்கும் கொம்போடு அச்சாகின. அந்த வளைவு சாட்டினுக்கு மிகவும் பொருந்தும். தனியாக ஒரு கொடியை வரைய வேண்டிய தேவையே இருக்காது.

பழைய மாதிரிப் பக்கங்களைப் பார்த்து நானே வரைந்துகொள்ளலாமா?

19ஆம் நூற்றாண்டு மாதிரிப் பக்கங்களின் பதிப்புரிமை பொதுவாகக் காலாவதியாகிவிட்டது, வரையலாம். ஆனால் அவற்றைப் பார்த்து இன்றைக்கு ஒருவர் செய்த தையல் கோப்பு அவருடைய உழைப்பு. அதன் உரிம விதிகளைப் படியுங்கள். தைத்த பொருளை விற்க அனுமதிப்பவர்கள்கூடக் கோப்பைப் பகிர அனுமதிப்பதில்லை.

தவறாகத் தைத்துவிட்டால் பிரிக்க முடியுமா?

பின்பக்கத்திலிருந்து பாபின் நூல்களைத் தையல்பிரிப்பானால் அறுத்து, முன்பக்கம் திருப்பி மேல்நூலை இழுத்து எடுக்கலாம். புடைப்பு எழுத்தில் அடித்தையல் அடுக்கடுக்காக இருப்பதால் பொறுமை வேண்டும். லினனில் ஊசித்துளைகள் ஒரு துவையலில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நெருக்கமான மெல்லிய பருத்தியில் தங்கிவிடும்.

துவைத்த பிறகு புடைப்பு அமுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

இஸ்திரியை நேராக எழுத்தின் மீது வைக்கிறீர்கள், அதனால்தான். தடித்த டவல் ஒன்றை இரண்டாக மடித்து விரித்து, எழுத்து கீழே பார்க்குமாறு துணியைக் கவிழ்த்துப் போடுங்கள். சற்று ஈரமாக இருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டால் எழுத்து டவலுக்குள் புதைந்துகொள்ளும், சுற்றியுள்ள துணி மட்டும் தட்டையாகும். ஏற்கெனவே அமுங்கியதாக இருந்தால், ஆவியைச் சற்று உயரத்திலிருந்து காட்டி, நகத்தின் பின்புறத்தால் தண்டின் இரு ஓரங்களையும் மெல்ல நடுவை நோக்கி நெருக்கிவிடுங்கள்.